குளிர் காய்தல்

"அத்தா, இன்னைக்கு நம்ம வண்டி ஏன் இருமல?"

ஏழு வயதில் மகள் பரிதா கேட்ட கேள்வி.

அன்று மீரானுக்குப் பதில் தெரியவில்லை.

இன்று அந்தப் பதிலைத்தான் ஓர் இரும்புச் சட்டியில் ஏந்திக்கொண்டு வாசலில் இறங்கினார். சட்டி நிறையக் கரிக்கங்கு.

ஊட்டியில் மார்கழிக் கடைசி. புல்லின் மேல் உப்பை வாரி இறைத்ததுபோல் உறைபனி. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணி இருந்தது.

பக்கத்து வீட்டு சவுரிமுத்துவின் பழைய டீசல் ஜீப் சாலையோரம் நின்றது. கண்ணாடியில் சாக்கு போர்த்தியிருந்தது. எஞ்சினுக்கு யாரும் எதுவும் போர்த்தவில்லை.

மீரான் குனிந்து சட்டியை எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். ஒரு சாண் இடைவெளி. கங்கு சிவந்திருக்கலாம். தீயாய் நாக்கு நீட்டக் கூடாது.

பிறகு பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

நேற்றுக் காலை இந்த ஜீப் அரைமணி நேரம் இருமியதைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டிருந்தார். இருமி இருமி அடங்கிப்போனது. கிளம்பவேயில்லை.

ராத்திரிச் சோறு போடும்போது மனைவி ஜெய்த்தூன் சொன்னாள்.

"பக்கத்து வீட்டு லூர்தக்காவுக்கு நாளைக்குத்தான் ஆப்ரேசன். ஒம்பது மணிக்குக் கோயமுத்தூர்ல இருக்கணுமாம். இந்தத் தேதிய விட்டா இனி மூணு மாசமாம். அதுவரைக்கும் அந்த நெஞ்சு தாங்குமா?"

"டாக்சி சொல்ல வேண்டியதுதானே?"

"நல்லாக் கேப்பாரே அந்த மனுசன்! 'நாப்பது வருசமா எம் பொஞ்சாதி என் வண்டியிலதான் ஏறி எறங்குறா'ன்னுட்டாராம். வண்டி கெளம்பணுமே ரப்பே. அவரு வீம்புல டீசல் ஊத்தியா ஓட்ட முடியும்?"

மீரான் சிரிக்கவில்லை. தன் டாக்சியை விற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. விற்காமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்ட அவருக்கு முகம் ஏது?

பதினெட்டு வருடத்துக்கு முன்பும் இப்படியொரு உறைபனி.

பரிதாவுக்கு இளைப்பு. இரவெல்லாம் இருமினாள். விடியலில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடினார். பத்துத் திருப்பு திருப்பினாலும் மசியாத டாக்சி அன்று முதல் திருப்பிலேயே கிளம்பிற்று.

ஆஸ்பத்திரி வளைவில்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இருமலுக்கு நடுவே.

பிள்ளை பிழைத்தாள்.

திரும்பி வந்து பார்த்தார். டாக்சி நின்றிருந்த இடத்தில் வட்டமாகச் சாம்பல். அணைந்த இரண்டு கரித்துண்டு. எதிரே சவுரி. உள்ளங்கை இரண்டும் கருப்பு.

"என் வண்டியக் கொளுத்தப் பாத்தியா?"

தெருவே கூடிவிட்டது.

சவுரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"குளிர் காஞ்சேன் பாய்."

"எவன் குடி எரியும், குளிர் காயலாம்னுதானே காத்துக் கெடந்தே!"

சவுரி தன் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பேச்சுவாக்கில் சொன்னான்.

"லாரி டிரைவருங்க வித்தை பாய் அது. அடியில கங்கு வெச்சா ஆயில் எளகிரும். ஒரே திருப்புல வண்டி கெளம்பும். ஆனா பக்கத்துலயே உக்காந்திருக்கணும். கண் அசந்தா வண்டியே போச்சு."

சவுரி இருபது வருடம் லாரி ஓட்டியவர்.

அன்று மலையேறும்போது மீரான் வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும் நேரே அந்தக் கதவுக்குத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு என்று நினைத்தார். கேட்காத மன்னிப்பு நாளாக நாளாகக் கனத்துக்கொண்டே போயிற்று.

சட்டியில் ஒரு கங்கு படக்கென்று வெடித்தது. அவசரமாகச் சட்டியை இழுத்தார். பொறி அடங்கும்வரை காத்திருந்து மறுபடி உள்ளே தள்ளினார்.

முழங்கால் மரத்துவிட்டது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் அந்த மனிதர். சுவரைத் தாண்டி வந்த ஒரு பிள்ளையின் இருமலுக்காக. யாரும் கேட்காமல். இதே குளிரில்.

சுவருக்கு அப்பால் இப்போது லூர்தம்மாள் ஜெபமாலை சொல்லும் குரல் கேட்டது. நடுநடுவே மூச்சு வாங்கிற்று.

மீரானின் உதடும் அசைந்தது.

பாங்கு ஒலித்தது.

சட்டியை வெளியே எடுத்தார். கையை நீட்டி எஞ்சினின் அடியைத் தொட்டார். வெதுவெதுப்பு. காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி. சிந்தியிருந்த சாம்பலைக் கையாலேயே கூட்டி அள்ளினார். ஒரு பொட்டு மிச்சமில்லாமல்.

அவர் தன் வாசற்படி ஏறவும் அந்த வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கவும் சரியாக இருந்தது.

செருப்புச் சத்தம். "மெதுவா ஏறு, மெதுவா" என்ற சவுரியின் குரல். கதவு அடைபடும் ஓசை.

மீரான் இருட்டில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரே திருப்பு.

வண்டி இருமவில்லை.

சத்தம் வளைவில் இறங்கித் தேயும்வரை நின்றிருந்தார். பிறகு தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனார். விளக்கோடு வந்த ஜெய்த்தூன் அவர் கையைப் பார்த்துத் திகைத்தாள்.

"கையெல்லாம் என்ன இவ்வளவு கரி? இந்தக் குளிர்ல எங்க போனீங்க?"

ஐஸாய் விழுந்த தண்ணீரில் அவர் உள்ளங்கையைத் தேய்த்தார். கருப்பு அத்தனை சீக்கிரம் போவதாக இல்லை.

"குளிர் காஞ்சேன்" என்றார்.