உள்ளேதான் இருக்கான்

"அந்தம்மா என்ன சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுங்க. எதிர்க்கேள்வி எதுவும் வேண்டாம்" என்றாள் கேப்டன், காரை ஓரமாக நிறுத்தியபடி.

"பையன் போயிட்டான்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றான் அவள் கணவன். பல் டாக்டர். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"அடக்கம் முடிஞ்சதும் புத்தி பிசகிடுச்சு. உயிரோட இருக்கான்னே பேசறாங்க. நானும் அப்படியே பேசிட்டு வந்துடறேன்."

போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவள். போன வருஷம் நடுக்கடலில் எஞ்சின் அறை தீப்பிடித்தது. கதவை அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டாள். கப்பல் பிழைத்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவன் பிழைக்கவில்லை. அவள் செய்தது சரி என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது.

"வாங்க கேப்டன். இப்பத்தான் குளிச்சுட்டு ரூமுக்குள்ள போனான்."

டாக்டர் தரையைப் பார்த்தான். குளியலறையிலிருந்து ஈரக் கால்தடங்கள். கூடத்தைக் கடந்து, சாத்தியிருந்த ஒரு கதவு வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

கதவுக்குப் பின்னால் ரேடியோ முணுமுணுத்தது.

"உள்ளேதான் இருக்கான். போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள் அம்மா.

கேப்டன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரேடியோ நின்றது. அவள் குரல் மட்டும் மெல்லக் கேட்டது. நடுநடுவே நிறுத்தினாள், யாரோ பதில் சொல்வது போல. மறுபடி பேசினாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஒருத்தியின் பைத்தியத்துக்கு இன்னொருத்தி தூபம் போடுவதா? அடுத்த மாசம் புதுக் கப்பலில் ஏற வேண்டியவள். இன்றைக்கே ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

சமையலறைக்குப் போனான்.

"அம்மா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் அந்த ரூம்ல இல்ல. அவன் இப்ப..."

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்று அந்த அம்மா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "அவங்க காதுல விழப்போகுது."

டாக்டர் விழித்தான்.

"அவனைக் குழியில இறக்கினப்போ பக்கத்துல நின்னவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்போ அந்தக் கால்தடம்?"

அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அவை இன்னும் சரியாகக் காயவில்லை. "கார் சத்தம் கேட்டதும் காலை நனைச்சுட்டு நடப்பேன். ரேடியோவைப் போட்டு, உள்ளேயே துடைச்சுட்டு வந்துடுவேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"முதல் தடவை வந்தப்போ வாசல்லயே நின்னாங்க. வாயைத் திறக்கறாங்க, பேச்சு வரல. தெருவே வேடிக்கை பார்க்குது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'அவன் உள்ளேதான் இருக்கான், போய்ப் பாருங்க'ன்னு சொல்லிட்டேன். உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அப்படி ஒரு அழுகை."

"அவ அழுதாளா?"

"முதல் பொம்பளை கேப்டன். கப்பல்ல அழ முடியுமா? ஆபீஸ்ல அழ முடியுமா? பார்த்தியா, பொம்பளைன்னா இப்படித்தான்னு சொல்ல மாட்டாங்களா? அன்னிக்கு அவங்க கதவை அடைக்கலேன்னா எத்தனை வீட்ல இழவு விழுந்திருக்கும். அத்தனை பேருக்கும் சேர்த்து அவங்க ஒருத்தரே சுமக்கறாங்க. எங்கயாவது இறக்கி வைக்க வேண்டாமா?" டாக்டர் பக்கம் திரும்பினாள். "வீட்லயாவது அழுதாங்களா தம்பி?"

'என் பொண்டாட்டி இரும்பு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல' என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் டாக்டர்.

அறைக்குள் பேச்சு நின்று, விசும்பல் அடங்குவது கேட்டது. அவள் வெளியே வந்து குளியலறைக்குள் போக, குழாய்த் தண்ணீர் ஓடியது. கதவு திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்த கேப்டன், அம்மா தட்டு எடுக்கப் போன நேரம் பார்த்துக் கணவன் காதில் கிசுகிசுத்தாள்.

"பாவம்ங்க இவங்க. நான் வர்றதை நிறுத்திட்டா தாங்க மாட்டாங்க."