மாடிக் கூடு

தூக்கணாங்குருவி ஒன்று தென்னை ஓலையில் மாடி வைத்த கூடு கட்டப் போவதாகத் தோப்பெல்லாம் சொல்லி வந்தது. "ஆளுக்கு ஒரு பிடி நார் கொடுங்கள். மழை வந்தால் மாடியில் உங்களுக்கும் இடம் உண்டு."

அணிலுக்கு ஆசை தாங்கவில்லை. தன் கூட்டில் மெத்தையாகக் கிடந்த நார் முழுவதையும் உருவிக் கொடுத்தது. "இந்த மழைக்கு நாம் மாடியில்" என்று குட்டிகளிடமும் பெருமையடித்தது.

மழை வந்தது. குட்டிகளோடு ஓடிப்போய்ப் பார்த்தால், கவிழ்த்த கொட்டாங்குச்சி போலப் பாதிக் கூடுதான் தொங்கியது. மாடியும் இல்லை, தரையும் இல்லை.

"பெண்குருவி வந்து பார்த்தது. வாசல் பிடிக்கவில்லை என்று போய்விட்டது. அதனால் விட்டுவிட்டேன்" என்றது குருவி, கொஞ்சமும் கூசாமல். "அடுத்த ஓலையில் இதைவிடப் பெரிதாகக் கட்டுகிறேன். நார் தருவாயா அணிலக்கா?"

அணிலுக்குக் கோபம் மூக்கு வரை வந்தது. அண்ணாந்து பார்த்தது. அத்தனை காற்றிலும் கூட்டில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. கெட்டிக்காரப் பயல்தான்.

மழை விட்டதும் அணில் கிணற்றடியில் கிடந்த தேங்காய் மட்டையை உரித்தது. முதலில் தன் கூட்டில் கனமாகப் பரப்பியது. மிஞ்சியதில் ஒரு பிடியைக் குருவியிடம் கொடுத்துவிட்டு வந்தது.

"அப்போ அடுத்த மழைக்கு மாடியாம்மா?" என்றன குட்டிகள்.

"கட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றது அணில். "இப்போது தள்ளிப் படுங்கள், அம்மாவுக்கும் இடம் வேண்டும்."