நாற்பது லட்சம் பேர் கட்டிய வீடு

அப்போதெல்லாம் வீட்டைத் தொலைக்காட்சியில்தான் வடிவமைக்க வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்வையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

சக்கர நாற்காலியில் வாழும் தாவூத் பாய்க்காக, வடிவமைப்பாளர் இன்பவல்லி படியே இல்லாத வீடு ஒன்று வரைந்திருந்தாள். பார்த்தவர்களுக்கு அது சப்பென்று இருந்தது. கூடத்தைப் பள்ளமாக்கி, பளிங்குப் படிகள் வைக்கச் சொல்லி நாற்பது லட்சம் ஓட்டு விழுந்தது. அவள் எவ்வளவோ வாதாடியும் அப்படியே கட்டிவிட்டார்கள்.

நேரலையில் கதவு திறந்தது. பாயின் நாற்காலி முதல் படியின் விளிம்பில் நின்றுவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார் அவர். "நான் எங்க இருக்கிறது?"

"சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல!" என்று தொகுப்பாளர் கூவினார்.

இன்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடுங்கினாள். "ஓட்டுப் போட்டீங்களே, உங்கள்ல ஒருத்தராவது தினம் வந்து இவரத் தூக்கி எறக்கி விடுவீங்களா?"

தயாரிப்பாளர் ஓடிவந்து கிசுகிசுத்தார். "பிரமாதம் மேடம்! கோபம் நல்லா எடுபடுது. அடுத்த வீட்டுலயும் இதே மாதிரி கத்திடுங்க."

"அடுத்த வீடா? இந்த வீடே இன்னும் முடியல," என்றாள் அவள். ஓரமாக நின்ற கொத்தனாரிடமிருந்து கடப்பாரையை வாங்கி, முதல் படியின் மேல் ஓங்கி இறக்கினாள்.