வாயைத் திறளா!

“எட்டே எட்டு வாய். எண்ணுதேன். வாயைத் திறளா!”

இசக்கித்தாய் ஒரு கையில் சோற்று உருண்டையும் மறு கையில் விளக்குமாற்றுக் குச்சியுமாக நின்றாள். ஆறு வயசு மகள் சந்தனமாரி, இரண்டாவது வாயையே அரை மணி நேரமாகக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள்.

தினம் இதே கூத்துதான். டானிக், பூச்சிமருந்து, மந்திரிச்ச திருநீறு... எல்லாம் பார்த்தாயிற்று.

புருஷன் ராமர் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். “பசிச்சா அவளே தின்பா, விடுளா” என்பார்.

“பிள்ளை வளர்க்கதைப் பத்தி ஒமக்கு என்ன தெரியும்?” என்று ஒரே போடாகப் போடுவாள். மனுஷன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒண்ணுமே தின்னாத பிள்ளைக்குக் கன்னம் மட்டும் எப்படி உப்பிக்கொண்டு வருகிறது?

அன்றைக்குச் சந்தனமாரி சோற்றைத் துப்பிவிட்டு ஓட, இசக்கித்தாயும் பின்னாலேயே போனாள். பிள்ளை நுழைந்தது மூன்றாவது வீட்டுக்குள். செல்லக்கனி வீடு.

எட்டிப் பார்த்தாள். சந்தனமாரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து முழங்கை வரை வழிய வழியத் தின்றுகொண்டிருந்தாள். செல்லக்கனியோ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் யக்கா, எம்பிள்ளைக்கு என்னத்தப் போட்டு மயக்கி வச்சிருக்கீய?”

“வாளா இசக்கி. குழம்பு அந்தா இருக்கு, நீயே ருசி பாரு.”

இசக்கித்தாய் விரலை விட்டு நக்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

“சீ! உப்பு கரிக்கு. புளி தூக்கலா நிக்கி. இதுக்குப் பேரு குழம்பா? ஏளா, இதையா இந்த வெட்டு வெட்டுத?”

“யம்மா, அது வந்து...”

“நீ வாயை மூடுளா!”

செல்லக்கனி முறத்தைக் கீழே வைத்தாள்.

“பிள்ளைய ஏசாத. குழம்பும் சோறும் ஒன் வீட்டுதுதான். ஒன் மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது தெனமும் தூக்குச்சட்டியில தந்துட்டுப் போறாவ. ‘முன்னால வச்சுட்டு ஒங்க சோலியப் பாருங்க, தின்னுன்னு மட்டும் சொல்லிராதீய’ன்னாவ. நானும் சொல்லுததில்ல, அம்புட்டுதான்!”