மரக்கடைக்காரரின் பல்

“உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லுப்பா, வலப்பக்கக் கடைவாய்ப்பல் லேசா ஆடுதுன்னு.”

டாக்டரம்மா கையெட்டும் தூரத்தில்தான் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். இருந்தாலும் உதவியாளர் அதை இன்னொரு தடவை அவரிடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

மரக்கடைக்காரர் எப்போதும் இப்படித்தான். ஆறு மாசத்துக்கு ஒருமுறை டாண் என்று வந்துவிடுவார். சாய்வு நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, எதைச் சொன்னாலும் உதவியாளரைப் பார்த்தே சொல்வார். பொம்பளை டாக்டரிடம் நேராகப் பேசினால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும் என்று உதவியாளருக்கு உள்ளூர எரிச்சல். இத்தனைக்கும் மரக்கடை இருக்கும் தெருவிலேயே ரெண்டு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது, ரெண்டிலும் ஆம்பளை டாக்டர்கள். அங்கே போகாமல் பஸ் மாறி வந்து இங்கே உயிரை வாங்குவானேன்?

டாக்டரம்மாவும் இவர் விஷயத்தில் ஒரு தினுசுதான். வேறு யாராவது முறுக்கிக்கொண்டால் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். இவரிடம் மட்டும் மூச்சு விடமாட்டார். சட்டென்று முடிகிற வேலையை இழுத்து இழுத்துச் செய்வார். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இன்று பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த டாக்டரம்மாவின் கை பாதியில் நின்றது.

“போன தடவை ஈறு நல்லா கெட்டியா இருந்துச்சு. இப்ப வீங்கியிருக்கு, தொட்டாலே ரத்தம் வருது. தாகம் அதிகமா இருக்கா? ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறீங்களா?”

மரக்கடைக்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பல் டாக்டருக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று உதவியாளரிடம் கேட்டார்.

“சர்க்கரையா இருக்குமோன்னு பயமா இருக்கு. சில பேருக்கு அது வாயிலதான் முதல்ல காட்டும். தவறாம வந்ததால இப்பவே கண்ணுல பட்டுச்சு, சமாளிச்சுடலாம். விட்டா கண்ணு, கிட்னி, இதயம்னு இழுத்துட்டுப் போயிடும். இன்னிக்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துடுங்க.”

தான் தேக்குக் கட்டை மாதிரி இருப்பதாகவும், ரத்தம் எடுத்தால்தான் இல்லாத வியாதியெல்லாம் வந்து சேரும் என்றும் டாக்டரம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, மரக்கடைக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார்.

உதவியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லது சொன்னால் கேட்க வேண்டியதுதானே, இப்படியும் ஒரு மனுஷனா? நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தவர், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கப்சிப். முகக்கவசத்தைக் கழற்றியிருந்த டாக்டரம்மாவின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“இதுல வேண்டாம் பிடிவாதம். நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

மரக்கடைக்காரர் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு, முதல்முறையாக டாக்டரம்மாவை நேருக்கு நேர் பார்த்தார்.

“சரி, வர்றேன். ஆனா அங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்கு வரணும். நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன நாள்லேருந்து உங்கம்மா எனக்கு முகம் கொடுத்தே பேசறதில்ல” என்றவர், இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, “மாப்பிள்ளையையும் வரச் சொல்லும்மா” என்றார்.