முதல் தடவையே ஓடியது

திருடிய சாஃப்ட்வேரில் பழைய முதலாளியின் பெயர் நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை, பத்து மணிக்குள் நாற்பத்தொன்றையும் அழித்துவிட்டார். நீலத்தைப் பச்சையாக்கினார். முகப்பில் இருந்த பல் படத்தைத் தூக்கிவிட்டுச் சிரிக்கிற வாய் ஒன்றைப் போட்டார். பெற்ற தாயே பார்த்தாலும் அடையாளம் தெரியாது என்று அவருக்குத் திருப்தி.

"மாட்டிக்க மாட்டோமே?" என்றார் ஜன்னல் ஓரம் நின்றிருந்த மச்சான். மனைவியின் அண்ணன். பல் டாக்டர்களுக்கு நோயாளி நாற்காலி விற்றுக்கொண்டிருந்தவர். தங்கை புருஷனை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு இதில் பங்காளியாகச் சேர்ந்திருக்கிறார்.

"இது நான் எழுதினது மச்சான். ஏழு வருஷம் ராப்பகலா எழுதினேன். அந்த ஆளு தன் பேரைப் போட்டுக்கிட்டாரு. யாரு யார்கிட்ட திருடினாங்க?"

"சைபர் கிரைம்ல அப்படிக் கேக்க மாட்டாங்க மாப்ள."

பல் மருத்துவமனைகளில் நோயாளிகள் முன்பதிவு செய்கிற சாஃப்ட்வேர் அது. மச்சான் பேசிப் பேசியே பன்னிரண்டு டாக்டர்களை மடக்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓடினால் அவர்கள் சேர்வார்கள். ஓடாவிட்டால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில்.

இதில் ஒரு சிக்கல். மாப்பிள்ளை ஜாவாவில் புரோகிராம் எழுதுவதில் புலி. ஆனால் எழுதியதை லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓட வைக்கிற வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. அதற்கென்று பழைய ஆபீசில் சர்வர்காரர் ஒருவர் இருந்தார். யாரையும் கிட்டே விடமாட்டார். ஏதாவது கேட்டால், "அது உனக்கு எதுக்கு?" என்பார். அதனால் வேலையை விட்ட அன்று மாப்பிள்ளை தன் கணினியில் இருந்ததைத் தொடவே இல்லை. சர்வர்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சர்வரில் ஓடிக்கொண்டிருந்ததையே ஒரே பொட்டலமாகக் கட்டிப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டார். ஓடுவதைத் திருடினால் ஓடும் என்று நினைத்தார்.

வாடகைக்கு எடுத்த புது சர்வரில் ஜாவாவைப் போட்டார். ஜாவாவில் எழுதியதை ஓட்டுகிற டாம்கேட்டைப் போட்டார். முன்பதிவுகளைச் சேமிக்க ஒரு டேட்டாபேஸையும் நிறுவினார். கடைசியாகப் பொட்டலத்தை ஏற்றினார். இனி நடக்கப்போவது அவருக்கு மனப்பாடம். அனுமதி இல்லை என்று ஒரு தடவை முரண்டு பிடிக்கும். உள்ளே வருகிற வாசலான போர்ட் மூடியிருக்கிறது என்று இன்னொரு தடவை கையை விரிக்கும். பெயரில் ஓர் எழுத்து பெரிதாக இருந்தால் அதற்கும் கோபித்துக்கொள்ளும். முதல் தடவையே ஓடியதாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. அதற்காகவே ஃப்ளாஸ்க் நிறைய காபி போட்டு வைத்திருந்தார்.

நாலு நிமிடத்தில் ஓடியது.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் மச்சான்.

"ஓடுது."

"அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்?"

"முதல் தடவையே ஓடாது மச்சான்."

"நல்லது நடந்தாக்கூட உனக்குப் பிடிக்காது. என் தங்கச்சி சரியாத்தான் சொன்னா."

பன்னிரண்டு மருத்துவமனைகளையும் வரிசையாகப் பதிந்தார்கள். டாக்டர் பெயர், முகவரி, போன் நம்பர் என்று எல்லாம் சமர்த்தாக ஏறியது. மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பதிவுகள் வரத் தொடங்கின. மதியத்துக்குள் இருநூற்றுப் பதினாறு. மச்சான் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லேப்டாப்பை மூடினார்.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. பழைய முதலாளி.

"எடுக்காத," என்றார் மச்சான்.

"எடுக்கலைன்னா சந்தேகம் வரும்." மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா இருக்கியா தம்பி?" முதலாளியின் குரலில் கோபமே இல்லை.

"இருக்கேன் சார்."

"நேத்துல இருந்து நம்ம டேட்டாபேஸ்ல பன்னெண்டு புது ஆஸ்பத்திரி வந்து உக்காந்திருக்கு. டாக்டர் பேரு, போன் நம்பர், யாருக்கு எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு எல்லாமே இருக்கு. இங்க யாரும் சேர்க்கல. நீ சேர்த்தியா?"

மாப்பிள்ளை தான் நிறுவிய டேட்டாபேஸைத் திறந்து பார்த்தார். ஒரு வரிகூட இல்லை. பிறகு பொட்டலத்துக்குள் இருந்த சின்ன ஃபைல் ஒன்றைத் திறந்தார். பதிவுகளை எங்கே கொண்டுபோய்ச் சேமிக்க வேண்டும் என்ற முகவரியையும் கடவுச்சொல்லையும் சர்வர்காரர் அதில் எழுதி வைத்திருந்தார். பழைய ஆபீஸ் முகவரி, பெயரே இல்லாமல் வெறும் எண்களாக. புது சர்வரில் விழுந்த ஒவ்வொரு முன்பதிவும் அங்கே நிற்காமல் நேராக முதலாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"போலீசுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்குப்பா? நம்பர்தான் இருக்கே, பன்னெண்டு டாக்டருக்கும் போன் போட்டோம். நேர்ல போய்க் கையெழுத்தும் வாங்கியாச்சு. உன் மச்சான் ரொம்ப நல்லாப் பேசறாராமே, எல்லாரும் அவரைத்தான் சொன்னாங்க. அவரை மட்டும் நாளைக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லு."

மாப்பிள்ளை திரும்பினார். இத்தனை வருட உறவு, கூடப் பிறந்த தங்கையின் வாழ்க்கை, நம்பி விட்ட வேலை என்று எல்லாவற்றையும் நினைத்து மச்சானின் கண் கலங்கியிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"எத்தனை மணிக்குனு கேளு மாப்ள."