காளியாயியின் முக்காலி

"முக்காலி சூடா இருக்கு. இவ்வளவு நேரம் யாரு இங்க உக்காந்திருந்தது?"

முதலாளி சேகர் குடோனைச் சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. பட்டப்பகலிலேயே பனி ஜன்னல் வழியாக நுழைந்து கம்பளி மூட்டைகளை மறைத்துக்கொண்டிருந்தது.

ஏற்காட்டில் இருந்த அவருடைய மலிவு விலை ஸ்வெட்டர் கடையில் இரண்டு சட்டங்கள். வேலை நேரத்தில் பெண்கள் உட்காரக் கூடாது. கம்பளியில் மாட்டி நூலை இழுக்கும் என்பதால் வளையல் போடக் கூடாது. மீறினால் அன்றோடு வேலை போச்சு.

"கதவுல கை வெக்கறப்ப வளையல் சத்தம் கேட்டுச்சு. யாருய்யா அது?"

பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் பெரியண்ணன் குரலைத் தாழ்த்தினார். "காளியாயிங்க."

"எந்தக் காளியாயி?"

"போன தையில காய்ச்சலோட நின்னு நின்னு இங்கயே விழுந்து செத்துச்சே, அதுங்க. தெனமும் வளையலைக் கழட்டறதுக்கு அடம் புடிக்குமே. உசுரோட இருக்கறப்ப உக்கார உடலீங்க. இப்ப வந்து உக்காருது."

"காதுல பூச் சுத்தறியா?"

"ஏனுங்க, நீங்கதானே தொட்டுப் பார்த்தீங்க?"

சேகர் விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, நின்றிருந்த நான்கு பெண்களின் கைகளையும் பார்த்தார். வெறுங்கைகள்.

"ஒருத்தி குறையுதே?"

"சாந்தாமேரி சாப்பிடப் போயிருக்குதுங்க."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. அம்பாசிடர் சேலம் பக்கம் இறங்கியது.

பெரியண்ணன் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "வெளிய வா கண்ணு."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாந்தாமேரி வந்தாள்.

அன்று காளியாயி உட்காரக் கேட்டபோது, 'நில்லு' என்று அதட்டியவர் பெரியண்ணன்தான். இந்தப் பேய்க்கதையைக் கட்டிவிட்டவரும் அவரேதான்.

"உன்னைய உக்காருன்னுதானே சொன்னேன்? வளையலை எதுக்குப் போட்டுக்கிட்டு வந்தே? இன்னிக்கு உன் வேலையே போயிருக்கும் சாமி!"

சாந்தாமேரி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவையும் வெறுங்கைகள்.

"நான் எங்கீங்கண்ணா போட்டேன்? அசந்து தூங்கிட்டேனுங்க. யாரோ காதுகிட்ட வளையலைக் குலுக்கி எழுப்பி உட்டாங்க. அதனாலதான் எந்திரிச்சு ஒளிஞ்சேன்."